கேட்ட அன்றே கொடுத்துவிட வேண்டும்

அத்தியாயம் பதினான்கு

ஆரின் முகச்சவரம் செய்துகொண்டு வந்திருந்தான். அதைப் பார்த்ததும்தான் வெர்னாவுக்குப் பயம் வந்தது.

செப்டம்பரில் மனைவி லெனோரைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அவள் அண்ணன் தாடியில் கை வைத்ததில்லை. கல்லறையிலிருந்து வந்தவன் மாட்டுத் தொழுவத்துக்குள் போனான். அதன் பிறகு ஊருக்குள் வந்தால் தீவனக் கடை, இல்லையென்றால் தங்கையின் துப்பாக்கிக் கடை, இவ்வளவுதான். இன்று இஸ்திரி போட்ட சட்டை, துடைத்த பூட்ஸ், மழமழவென்ற கன்னம். காலை ஏழே முக்காலுக்கு, கடையைப் பூட்டிக்கொண்டு அவள் கிளம்ப இருந்த நேரத்தில், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றான்.

கன்று போடும் காலம் ஆரம்பித்துவிட்டது என்றான். நேற்று மட்டும் மூன்று கன்றுகள். வாசனை பிடித்துக்கொண்டு, கன்றைத் தூக்குகிற நரிகளான கயோட்டிகள் நாலு வேலியைச் சுற்றுகின்றனவாம்.

"அந்தச் சின்ன ரைஃபிளை மட்டும் குடு, வெர்னா. மத்தது இருக்கட்டும்."

அவன் கேட்டதில் தப்பில்லை. மான்டானாவில் பிப்ரவரி மாதம், கையில் ரைஃபிள் இல்லாமல் மாட்டுப் பண்ணை நடத்துகிறவன் எவனும் இல்லை. ப்ரைஸ் க்ரீக் ஊரின் இந்தக் கடையில் இருபத்திரண்டு வருடமாகத் துப்பாக்கி விற்கிற வெர்னாவுக்கு அது தெரியாதா?

ஆனால் நவம்பர் மாதத்து விடியற்காலை ஒன்றும் அவளுக்கு மறக்கவில்லை. குதிரைக்குப் போர்த்துகிற கம்பளியில் ஏழு துப்பாக்கிகளைச் சுற்றி எடுத்துக்கொண்டு இதே ஆரின்தான் வந்தான். மேசைமேல் வைத்தான். ஒரு தீவன ரசீதின் பின்பக்கம் தன் கையாலேயே எழுதினான். 'நான் சரியாகிவிட்டேன் என்று வெர்னாவுக்குத் தோன்றும் வரை இவற்றைத் திருப்பித் தர வேண்டாம். நானே வந்து கேட்டாலும் தர வேண்டாம்.' கீழே கையெழுத்தும் போட்டான். இது மேரிட்டுக்குத் தெரியவே கூடாது என்று தங்கையிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டு போனான். மேரிட் அவனுடைய ஒரே மகள்.

இப்போது வெர்னா என்ன சொல்லித் தப்பிப்பது என்று தேடினாள். பின்னறை இரும்பு அலமாரியின் பூட்டு சிக்கிக்கொண்டது, சரிபண்ணுகிற ஆள் வெள்ளிக்கிழமைதான் வருவான் என்றாள்.

ஆரின் சிரித்தான். கோபமே இல்லாத சிரிப்பு.

"உனக்குப் பொய் சொல்ல வராது. எட்டு வயசுலயே வராது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "எழுதிக் குடுத்ததும் நான்தான். இப்ப கேக்கறதும் நான்தான். நீ எந்த ஆரினை நம்பறே?"

"நவம்பர்ல வந்தவனை."

அவன் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டான். சரி, பதினோரு மணிக்கு ஹெலனாவில், சட்டமன்றக் குழு விசாரணையில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் அவள் தோளை ஒருமுறை தட்டிக்கொடுத்தான். டோலெஃப்சன் குடும்பத்தில் ஒருவரை ஒருவர் அப்படித் தொடுகிற வழக்கம் கிடையாது. அவன் வண்டி தெருமுனை திரும்பும் வரை வெர்னா அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

*

மாநிலத் தலைநகர் ஹெலனாவுக்கு ஒன்றே கால் மணி நேரப் பயணம். வழியெல்லாம் அவள் அந்த ஆறாம் பிரிவையே மனசுக்குள் படித்துக்கொண்டு போனாள்.

துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்பு மசோதாவில் மொத்தம் பத்துப் பிரிவுகள். ஒன்பது பிரிவுக்கு அவளே முதல் ஆளாகக் கையைத் தூக்குவாள். ஆறாவதுதான் தொண்டையில் சிக்கியது. இன்னொருவருடைய துப்பாக்கியை வைத்திருப்பவர், உரிமையாளர் கேட்ட அன்றே கொடுத்துவிட வேண்டும். மறுத்தால் குற்றம். முன்பு எழுதிக் கொடுத்த எந்தக் காகிதமும் இதற்குச் சாக்கு ஆகாது.

அந்தப் பிரிவை எழுதியவள் மேரிட்.

இருபத்தாறு வயது. மசோதாவைக் கொண்டுவந்த சட்டமன்ற உறுப்பினர் கார்வர் மெக்லினின் அலுவலகத்தில் வேலை. வேறொரு மாவட்டத்தில் ஒரு கிழவருடைய மகன், பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று அப்பாவின் துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டு போய் ஒவ்வொன்றாக விற்றுவிட்டான். அந்தக் கிழவர் அலுவலகத்துக்கு வந்து அழுதிருக்கிறார். அந்த அழுகையைக் கேட்டுவிட்டுத்தான் மேரிட் அதை எழுதினாள். அவளைக் குறை சொல்ல வெர்னாவுக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த எழுத்து நேராகப் போய் யார் கையெழுத்தை அடிக்கிறது என்று மேரிட்டுக்குத் தெரியாது. சொல்லவும் வெர்னாவால் முடியாது.

மூன்று வாரத்துக்கு முன் அத்தை எதிர்த்துப் பேசப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் மேரிட் போனில் கொதித்துவிட்டாள். உங்க கடைக்கு வம்பு வரக்கூடாதுன்னு எங்க எல்லாரோட உரிமையையும் விக்கறீங்க அத்தை என்றாள். அதன் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை.

ஆரினோ மசோதாவை ஆதரித்துப் பேசப் பெயர் கொடுத்திருந்தான். மகள் கேட்டுக்கொண்டாள் என்று.

*

சட்டமன்றத்தின் மூன்றாவது மாடி அறை நிரம்பி வழிந்தது. மசோதாவை ஆதரிக்கும் ஆரஞ்சுத் தொப்பிக்காரர்கள் சுவரோரமாக வரிசை கட்டி நின்றார்கள். வெர்னாவுக்கு அவர்களில் பாதிப் பேரைத் தெரியும். போன வருடம் அவள் கடையில் ரைஃபிள் வாங்கியவர்கள். இன்று முகம் கொடுக்கவில்லை.

மேரிட் மேடைக்குப் பக்கத்தில் கோப்புகளோடு நின்றிருந்தாள். அத்தையைப் பார்த்தாள். பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள்.

ஆதரிப்பவர்கள் முதலில் பேசினார்கள். மோசமாக யாரும் பேசவில்லை. மலைச்சரிவில் தனியாக இருக்கிற ஒரு நர்ஸ், போலீஸ் தன் வீட்டுக்கு வந்துசேர ஐம்பது நிமிடம் ஆகும், அந்த ஐம்பது நிமிடத்துக்கு எனக்கு யார் துணை என்று கேட்டாள். துப்பாக்கிகளைப் பறிகொடுத்த அந்தக் கிழவரும் வந்திருந்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு துப்பாக்கியாக, எந்த வருடம் யார் கொடுத்தது என்று சொன்னார். வெர்னாவுக்கே கண் கலங்கியது.

பிறகு குழுத் தலைவி பட்டியலைப் பார்த்து அழைத்தார்.

"ஆரின் டோலெஃப்சன். ப்ரைஸ் க்ரீக்."

யாரும் எழுந்திருக்கவில்லை.

"மிஸ்டர் ஆரின் டோலெஃப்சன் இருக்காரா?"

மேரிட் வாசலை எட்டிப் பார்த்தாள். வெர்னாவும் திரும்பினாள். கதவு அசையவில்லை. தலைவி பெயரை அடித்துவிட்டு அடுத்தவரை அழைத்தார்.

கன்று போடும் காலம், ஏதாவது ஒரு மாடு படுத்திருக்கும், அதனால் நேரமாகியிருக்கும் என்று வெர்னா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பைக்குள்ளிருந்து போனை எடுத்து அவன் எண்ணைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். சவரம் செய்த அந்தக் கன்னமும், தோளில் பட்ட கையும் மாறி மாறிக் கண்முன் வந்தன. எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்த நொடியில் அவள் பெயரை அழைத்துவிட்டார்கள்.

பேச இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். எழுதிக்கொண்டு வந்த காகிதத்தை அவள் பிரிக்கவே இல்லை.

"நான் துப்பாக்கி விக்கறவ. இந்த மசோதாவுல ஒன்பது பிரிவுக்கு நான் உங்க பக்கம். ஆறாவதுக்கு மட்டும்தான் வந்திருக்கேன்," என்று ஆரம்பித்தாள். "என் கடையில ஒரு மனுஷனோட துப்பாக்கிங்க இருக்கு. நவம்பர்ல, அவர் மனைவியைப் புதைச்சு ரெண்டு மாசம்கூட அப்ப ஆகலை. அவரே கொண்டுவந்து வெச்சார். ஒரு தீவன ரசீதுக்குப் பின்னால எழுதிக் குடுத்தார். நானே வந்து கேட்டாலும் தராதேன்னு. எந்தக் கோர்ட்டும் அவர்கிட்டேருந்து வாங்கலை. போலீஸ் வாங்கலை. தன்கிட்டேருந்து தன்னைக் காப்பாத்திக்க அவரே செஞ்ச ஏற்பாடு அது. அதுவும் அவரோட உரிமைதானே? இந்தப் பிரிவு அதைச் செல்லாததாக்குது."

கார்வர் மெக்லின் கேள்வி கேட்க அனுமதி வாங்கிக்கொண்டார். அறுபது வயதுக்காரர். தன்மையாகவே கேட்டார்.

அந்த மனிதர் இப்போது அவற்றைத் திருப்பிக் கேட்டிருக்கிறாரா என்றார்.

"கேட்டார்."

"எப்போம்மா?"

"இன்னைக்குக் காலையில."

சுவரோரம் நின்ற ஆரஞ்சுத் தொப்பிகள் அவள் பக்கம் திரும்பின.

"குடுத்தீங்களா?"

"இல்லை."

"அப்படின்னா அவர் பொருளை அவருக்கே மறுத்திருக்கீங்க. அவர் மனசு மாறியிருக்கலாம் இல்லையா?"

"அதுதான் சார் எனக்குப் பயம். மாறினது மனசா, இல்லை வியாதி முத்திப்போச்சான்னு எனக்குத் தெரியலை. ரெண்டும் வெளியிலேருந்து ஒரே மாதிரிதான் இருக்கு. உங்க பிரிவு நான் யோசிக்க ஒரு நாள்கூடக் குடுக்கலை."

பேசி முடித்து நிமிர்ந்தபோது அவள் மேரிட்டைப் பார்த்தாள். கையிலிருந்த கோப்பை மார்போடு இறுக்கிக்கொண்டு, வெளிறிய முகத்தோடு அந்தப் பெண் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

வெளித் தாழ்வாரத்தில் மேரிட் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"எங்க அப்பாவா?"

வெர்னா வாயைத் திறந்தாள். சத்தியம் செய்த வாய். வார்த்தை வரவில்லை. அதுவே மேரிட்டுக்குப் பதிலாகிவிட்டது.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். நீ வேலையை விட்டுட்டு வந்து பண்ணையில உக்காந்துடுவேன்னு பயந்தான்."

அழுவதற்கெல்லாம் மேரிட்டுக்கு நேரமில்லை. அப்பாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் லாயிட் ப்ரிஸ்க்கைக் கூப்பிட்டாள். அவர் எழுபதைத் தாண்டியவர். காது மந்தம் என்பதால் போனில் கத்துவார். வெர்னாவுக்கும் நன்றாகக் கேட்டது.

ஆரினா, காலையில் பார்த்தேனே என்றார் லாயிட். ஒன்பதரை மணிக்கு வந்தான். என்ன பளபளப்பு, என்ன மரியாதை, இவ்வளவு நல்லாயிருந்து பார்த்து ரொம்ப நாளாச்சு என்று சந்தோஷப்பட்டார்.

"கயோட்டி தொல்லைன்னு என் ரைஃபிளைக் கேட்டான். குடுத்து அனுப்பினேன்."

மேரிட்டின் கை போனோடு அப்படியே கீழே இறங்கியது. வெர்னா அதைப் பிடுங்கிக்கொண்டாள். மூன்று மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்ததை, சட்டமன்றத் தாழ்வாரத்தில், போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்க்க, காது மந்தமான கிழவருக்குக் கேட்கிற அளவுக்கு உரக்கச் சொன்னாள்.

"லாயிட், அவன் தன்னையே சுட்டுக்குவான்னு எனக்குப் பயம். இப்பவே போங்க. தயவுசெய்து இப்பவே."

அந்தப் பக்கம் வண்டிச் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது.

"நான் வீட்டுல இல்லை, பதினெட்டு மைல் தள்ளி இருக்கேன். போறேன்," என்றார் லாயிட். கத்தாமல் சொன்னார்.

ஷெரிஃப் அலுவலகத்துக்கும் வெர்னா சொன்னாள். நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்து எல்லோரும் அங்கே இருக்கிறார்கள், ஒருவர் விடுபட்டதும் அனுப்புகிறோம் என்றார்கள்.

*

வெர்னாவின் வண்டியிலேயே இருவரும் கிளம்பினார்கள். மலை இடுக்கில் நுழைந்ததும் போனில் சிக்னல் போய்விட்டது. இனி நாற்பது மைலுக்கு ஒன்றும் தெரியாது.

சாலையில் இறுகிய பனி. ஐம்பதுக்கு மேல் ஓட்டினால் வண்டியின் பின்பக்கம் சறுக்கியது. ஓட்டாமல் இருக்க முடியவில்லை. மேரிட் மடியில் போனை வைத்துக்கொண்டு, திரையில் ஒரு கோடாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். திடீரென்று, ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு அந்த ஆறாம் பிரிவைப் படித்துக் காட்டினேன் என்றாள்.

"ரொம்பத் தெளிவா எழுதியிருக்கேன்னு சொன்னார். இன்னொரு தரம் படின்னு கேட்டார். எனக்குப் பெருமையா இருந்துச்சு அத்தை."

வெர்னா கியரை மாற்றினாள். ஒருவேளை அந்தக் காகிதம் இனிச் செல்லாது என்று தெரிந்த பிறகுதான் அவன் சவரம் செய்துகொண்டானோ? காலையில் கொடுத்திருந்தால் இப்போது பழி அவள் தலையில். கொடுக்காததால் போய் இரவல் வாங்கியிருக்கிறான். அதுவும் அவள் தலையில்தான்.

மலை இடுக்கைத் தாண்டியதும் மேரிட்டின் போன் ஒருமுறை அதிர்ந்தது. அலுவலகத்திலிருந்து வந்த செய்தி. லாயிடிடமிருந்து ஒன்றும் இல்லை. கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

"அவர் ஏன் எடுக்கலை? போய்ச் சேர்ந்திருப்பாரே. ஏன் கூப்பிடலை?"

அதற்கான பதில் இருவருக்கும் தெரியும் போலிருந்தது. வெர்னா வேகத்தைக் கூட்டினாள்.

பண்ணை வாசலில் லாயிடின் வண்டி நின்றது. ஓட்டுநர் பக்கக் கதவு திறந்தே கிடந்தது. அவசரமாக இறங்கி ஓடியவரின் வண்டி. ஆரினின் வண்டியும் இருந்தது. வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை. நாய் குரைக்கவில்லை.

மேரிட் வீட்டுக்குள் ஓடினாள். அப்பா, அப்பா என்று அவள் ஒவ்வோர் அறையாகக் கூப்பிடுவது வெளியே கேட்டது. வெர்னா முற்றத்திலேயே நின்றாள். தொழுவத்தின் பெரிய கதவு ஒரு முழம் திறந்திருந்தது. அங்கேதான் போக வேண்டும். போய்ப் பார்க்கிற முதல் ஆள் மேரிட்டாக இருக்கக்கூடாது. அந்த ஒரு நினைப்புதான் அவளைத் தள்ளிக்கொண்டு போனது.

கதவைத் திறந்தாள்.

வைக்கோல்மேல் இரண்டு ஆண்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கால்களை உதைத்துக்கொண்டு, ஒரு சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு தலைச்சன் கிடேரி படுத்து முனகியது.

"நிறுத்து லாயிட். அவ முக்கும்போது இழு. இப்ப வேண்டாம்," என்றது ஆரினின் குரல்.

வெர்னா கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

கிடேரி முக்கியது. இருவரும் இழுத்தார்கள். கன்று வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது. ஆரின் அதன் மூக்கைத் துடைத்து, விலாவைத் தேய்த்து, காதில் ஊதினான். அது தும்மியது. லாயிட் வெர்னா பக்கம் திரும்பிப் பார்த்தார். இஸ்திரி போட்ட, சர்ச்சுக்குப் போடுகிற சட்டை ரத்தமும் கோழையுமாக இருந்த ஆரினும் திரும்பினான்.

பிறகு லாயிட் வெர்னாவிடம் தனியே சொன்னது இதுதான். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்திருக்கிறார். வந்து பார்த்தால் ஆரின் தனியாகக் கிடேரியோடு போராடிக்கொண்டிருந்தான். எதுவும் சொல்லத் தோன்றவில்லை. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தன் ரைஃபிள் சாய்த்திருந்த தூணுக்கும் ஆரினுக்கும் நடுவில் போய் உட்கார்ந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். போன் கோட்டுப் பையில் கிடந்தது.

*

மேரிட் உள்ளே வந்தவள் அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. பத்தடி தள்ளியே நின்று பார்த்தாள்.

"கேட்டேன்," என்றான் ஆரின், வெர்னாவைப் பார்த்து. குழுக் கூட்டத்தைப் போனில் ஒலிபரப்பினார்கள். வைக்கோல் கட்டின்மேல் வைத்துக் கேட்டுக்கொண்டே வேலை செய்திருக்கிறான்; கை இரண்டும் கிடேரியிடம் மாட்டியிருந்ததால் வந்த அழைப்புகளை எடுக்கவில்லை. "தீவன ரசீதுன்னு சொன்னே. பேரைச் சொல்லலை, அவ்வளவுதான். ப்ரைஸ் க்ரீக்ல இனி தெரியாதவன் ஒருத்தன் பாக்கி இருக்க மாட்டான்."

"தெரியட்டும்," என்றாள் வெர்னா.

மேரிட்தான் கேட்டாள்.

"கயோட்டிக்குத்தானாப்பா?"

ஆரின் கன்றைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"லாயிட் வீட்டுல கேக்கும்போது கயோட்டிக்குத்தான். சத்தியமா. வண்டியில பக்கத்து சீட்டுல அதை வெச்சுக்கிட்டு ஓட்டிட்டு வந்தேன் பாரு..." கன்றைத் திருப்பிப் போட்டு மறு விலாவைத் தேய்த்தான். "அப்ப தெரியலைம்மா. எதுக்குன்னு எனக்கே தெரியலை. வந்து இறங்கினா இவ படுத்துட்டா. பனிக்குடம் உடைஞ்சு ஒரு கால் மட்டும் வெளிய வந்திருந்துச்சு. விட்டுட்டு எங்க போறது?"

லாயிட் எழுந்து தூணருகே போய், தன் ரைஃபிளை எடுத்துக் குண்டுகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆரின் அதைப் பார்த்தான். தடுக்கவில்லை. நாளை காலையில் வந்து மாடுகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

"நீதானே எழுதினே. நீயே சொல்லு," என்றான் ஆரின் மகளிடம். "அந்த ஏழும் யாரோடது?"

"உங்களோடது."

"கேட்டா குடுக்கணுமா?"

மேரிட்டின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"எழுதும்போது உங்க முகம் எனக்கு ஞாபகத்துல வரலைப்பா. அந்தக் கிழவர் முகம்தான் வந்துச்சு. ரெண்டையும் வெச்சு எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியலை."

ஆரின் முதல்முறையாகக் கையை நீட்டினான். அந்த அசிங்கமான கையை அவள் வந்து பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. கார்வர் மெக்லின். துப்பாக்கிக் கடை அம்மா பேசிய பேச்சில் குழு உறுப்பினர்கள் இரண்டு பேர் ஆறாம் பிரிவை எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். வாக்கெடுப்பு நாளைக் காலை எட்டு மணிக்கு. உன் அப்பா பேசுவதாகப் பெயர் கொடுத்து வரவில்லையே, நாளை வந்து இரண்டு வார்த்தை சொன்னால் பிரிவு தப்பிக்கும். இதுதான் அவர் கேட்டது. கல்யாணத்தில் வெர்னாவின் குடும்பப் பெயர் மாறியிருந்ததால், அந்த அம்மா மேரிட்டின் அத்தை என்றோ, அந்த மனிதர் யார் என்றோ அவருக்கு இன்னும் தெரியவில்லை.

மேரிட் போனைக் கையால் மூடிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"நாளைக்கு வர்றேன்னு சொல்லு," என்றான் ஆரின்.

நாளைக்கு. நவம்பரிலிருந்து அவன் வாயில் அந்த வார்த்தை வருமா என்று காத்திருந்தவள் வெர்னா. போன வாரம் வரை அடுத்த மாதம் கன்று விற்பது பற்றிப் பேசினால்கூடத் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விடுவான். அவளுக்கு நெஞ்சில் இருந்த கல் லேசாக அசைந்தது.

"எந்தப் பக்கம் பேசப்போறே?" என்று கேட்டாள்.

ஆரின் எழுந்து வைக்கோலைத் தட்டிக்கொண்டான்.

"காலையில நீ வரும்போது அந்த ஏழு துப்பாக்கியையும் வண்டியில ஏத்திக்கிட்டு வா. எல்லாத்தையும். அவங்க எதிர்லதான் சொல்லுவேன்."

"எதுக்கு?"

பதில் சொல்லாமல் கதவைத் தாண்டி முற்றத்தைக் கடந்து வீட்டுக்குள் போனான். இருவரும் பின்னாலேயே போனார்கள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

சமையலறை மேசையருகே அத்தையும் மருமகளும் நின்றார்கள். ஏழு துப்பாக்கியையும் ஏற்றிக்கொண்டு போவீங்களா என்று மேரிட் கிசுகிசுத்தாள். அவற்றைச் சபைமுன் ஒப்படைக்கத்தான் கேட்கிறானா, அல்லது எடுத்துக்கொண்டு போகவா? வெர்னாவுக்குத் தெரியவில்லை. இந்த வீட்டில் எட்டாவதாக ஒன்று இருந்தால்? லெனோருக்கு என்று ஏதாவது இருந்ததா? அவளுக்கு நினைவு வரவில்லை. மருமகளைக் கேட்டால் அவள் இன்னும் பயப்படுவாள்.

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. கை கழுவ இவ்வளவு நேரமா?

மேரிட் அத்தையின் மணிக்கட்டைப் பற்றினாள். நகம் பதிந்தது. இருவரும் அந்தச் சாத்திய கதவையே பார்த்தார்கள்.

தண்ணீர் நின்றது. அதற்குப் பின் ஒரு சத்தமும் இல்லை. வெர்னா ஓர் அடி எடுத்து வைத்தாள். இன்னோர் அடி.

தாழ்ப்பாள் விலகியது. ஆரின் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு பெண்களின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவர்கள் எதைப் பார்த்துப் பயந்து நிற்கிறார்கள் என்று அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் அவன் முகம் சுருங்கிப்போனது.

"இப்படியே எத்தனை நாள் கதவைப் பாத்துக்கிட்டு நிப்பீங்க?" என்றான். பிறகு தங்கையைப் பார்த்தான். "கேட்டேனே, பதில் சொல்லு வெர்னா. கொண்டு வர்றியா, இல்லையா?"